மீண்டும் வரும் புற்றுநோய்: எட்டாத் தொலைவில் கதிர்வீச்சு சிகிச்சை

புது தில்லி: அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும், அவற்றில் 200 மையங்கள் 2025-26-ம் நிதியாண்டிலேயே தொடங்கப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரி 1-ம் தேதி மக்களவையில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்புதான். ஆனால், முதல் சிகிச்சைக்குப் பின் மீண்டும் தலைதூக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு இம் மையங்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்ற கேள்வி எழுகிறது.

முதியவர்களையே பெரிதும் தாக்கும் நோய் இது. அறுவைச் சிகிச்சை மூலம் புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய பிறகு, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. எனும் புரதம் ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும். அது மில்லி லிட்டருக்கு 0.2 நானோ கிராமை எட்டி, மறு பரிசோதனையிலும் உறுதியானால் நோய் திரும்பியதாகக் கருதப்படுகிறது. அளவு 0.5-ஐத் தாண்டும் முன்பே கதிர்வீச்சு அளித்தால் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

காத்திருப்பும் கண்காணிப்பும்: பிரிட்டன், கனடா உள்ளிட்ட நாடுகளில் 1,396 பேரிடம் நடத்தப்பட்டு 2020-ல் வெளியான ராடிக்கல்ஸ் ஆய்வு, அறுவைச் சிகிச்சை முடிந்ததும் அனைவருக்கும் கதிர்வீச்சு அளிக்கத் தேவையில்லை என்று காட்டியது. பி.எஸ்.ஏ. உயரும்போது அளித்தால் போதும். முடிவு வெளியானபோது, காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கதிர்வீச்சே தேவைப்பட்டிருக்கவில்லை. தேவையற்ற சிறுநீர்க் கோளாறுகளும் தவிர்க்கப்பட்டன.

ஆனால், தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்பவருக்கே இந்தக் காத்திருப்பு பாதுகாப்பானது. பரிசோதனையைக் கைவிட்டவருக்கு நோய் எலும்புக்குப் பரவிய பிறகே உண்மை தெரியவரும்.

உல்லாஸ்நகரின் கணக்கு: மும்பையின் தாராவி, மாட்டுங்கா தமிழர்களுக்குப் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. தாணே மாவட்டத்தின் உல்லாஸ்நகரிலிருந்து புறநகர் ரயிலில் அங்கு சென்றுவர ஏறத்தாழ 100 கி.மீ. ஆகிறது. வாரத்தில் 5 நாள்கள் வீதம் 33 அமர்வுகள் என்பது வழக்கமான சிகிச்சை முறைகளில் ஒன்று. அப்படியானால் ஆறரை வாரங்களில் 3,300 கி.மீ. பயணம். அதுவும் சிறுநீரை அடக்க இயலாத முதியவருக்கு, நெரிசல் மிகுந்த ரயிலில். உடன் வரும் மகனின் நாள்கூலியும் போய்விடும்.

ராடிக்கல்ஸ் ஆய்வில் 20 அமர்வுகளில் முடிக்கும் முறையும் அனுமதிக்கப்பட்டது. தொலைவிலிருந்து வருவோருக்கு இது பெரும் ஆறுதல். முதல் சிகிச்சையே கதிர்வீச்சாக இருந்தவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அதே இடத்தில் மீண்டும் கதிர்வீச்சு செலுத்தினால் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் பாதிக்கப்படலாம். பிராக்கிதெரபி எனும் உட்புறக் கதிர்வீச்சு போன்றவை சிலருக்கே பொருந்தும். அனுபவமிக்க பெரிய மையங்களில்தான் இயலும்.

காப்பீடு மட்டும் போதுமா? 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவுக்கு வழி உண்டு. தினசரிப் பயணமும் இழந்த கூலியும் அக் கணக்கில் வருவதில்லை.

பகல்நேர மையங்களில் கீமோதெரபி மருந்து செலுத்தலாம். கதிர்வீச்சுடன் சேர்த்துத் தரப்படும் ஹார்மோன் ஊசியையும் போடலாம். கதிர்வீச்சுக்கோ தனி இயந்திரம், தடித்த கான்கிரீட் அறை, மருத்துவ இயற்பியலாளர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் ஆகியவை வேண்டும். 10 லட்சம் பேருக்கு ஓர் இயந்திரம் என்ற அளவுகோலின்படி நாட்டுக்கு 1,400 இயந்திரங்கள் தேவை. இருப்பவை ஏறத்தாழப் பாதிதான். அவையும் பெருநகரங்களில் குவிந்துள்ளன. புற்றுநோய் சிகிச்சை குறித்து 2022 செப்டம்பரில் அறிக்கை அளித்த சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இந்த ஏற்றத்தாழ்வைக் கவனத்தில் கொண்டது.

பொறுப்பு யாருக்கு? மாவட்ட மருத்துவமனைகள் மாநில அரசைச் சார்ந்தவை. பகல்நேர மையங்கள் மத்திய சுகாதார அமைச்சகத் திட்டம். டாடா நினைவு மருத்துவமனையோ 1962 முதல் பிரதமரின் பொறுப்பில் உள்ள அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. அவையில் உறுப்பினர் கேள்வி எழுப்பினால் ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் கூறி முடித்துக்கொள்ள முடியும்.

மாவட்ட மையங்களில் பி.எஸ்.ஏ. பரிசோதனையையும் நோயாளியைத் தொடர்ந்து அழைக்கும் ஏற்பாட்டையும் சேர்ப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. கதிர்வீச்சு நடைபெறும் வாரங்களுக்குத் தங்குமிடமோ பயணப்படியோ தருவதும் இயலாததல்ல. எத்தனை மையங்கள் திறக்கப்பட்டன என்பதோடு, எத்தனை நோயாளிகள் சிகிச்சையை இடையில் கைவிடாமல் முடித்தனர் என்றும் உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கினால்தான் திட்டத்தின் உண்மைப் பலன் தெரியவரும்.