வாசலில் நின்று திரும்பலாமா?

ஒரு நூலின் முதல் வரி அந்நூலின் தலைவாசல். ஆனால் ஆங்கில இலக்கியத்தைப் பொறுத்தமட்டில் நம்மில் பலர் அந்த வாசலையே பார்ப்பதில்லை. நோட்ஸ் என்னும் கொல்லைப்புற வழியாக நுழைகிறோம். தேர்வு முடிந்ததும் அதே வழியாக வெளியேறிவிடுகிறோம். இது முறைதானா என்பதே என் கேள்வி.

"கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூலநூல் எங்கே புரியப் போகிறது? சுருக்கம் போதும்" என்று சிலர் இரக்கப்படுகிறார்கள். அந்த இரக்கம் நமக்கு வேண்டாம் என்பேன்.

ஜேன் ஆஸ்டின் 1813-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை எடுத்துக்கொள்வோம். வசதி படைத்த, மணமாகாத ஆணுக்கு மனைவி தேவை என்பது உலகம் ஒப்புக்கொண்ட உண்மை என்ற பொருளில் அது தொடங்குகிறது. பார்த்தால் பெரிய தத்துவம் போலிருக்கும். அடுத்த வாக்கியத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. அவனுக்கு என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்ற அக்கம்பக்கத்தாரே முடிவு செய்துவிட்டார்கள்! இதை விளங்கிக்கொள்ள இலண்டனுக்கா போக வேண்டும்? நாமக்கல்லில் ஓர் இளைஞன் சொந்தமாக லாரி வாங்கட்டும். வண்டிக்குப் பாடி கட்டி முடிப்பதற்குள் ஊரார் அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருப்பார்கள். 'இது திருமணம் பற்றிய நாவல்' என்று எழுதும் நோட்ஸில் இந்தச் சிரிப்பு இருக்குமா?

சார்லஸ் டிக்கன்ஸின் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' 1859-இல் வந்தது. 1775-ஆம் ஆண்டில் தொடங்கும் அக்கதை, ஒரே காலம் மிக நல்லதாகவும் மிகக் கெட்டதாகவும் இருந்ததென்று எதிரும் புதிருமாக அடுக்கிச் சொல்கிறது. முரண்பாடா? இல்லை. குச்சிக்கிழங்கு நட்டவர் மழை வேண்டுமென்கிறார். களத்தில் ஜவ்வரிசி காயப்போட்ட மில்காரர் வெயில் வேண்டுமென்கிறார். ஒரே மழை ஒருவருக்கு வாழ்வு, மற்றவருக்கு நட்டம். சேலத்துக்காரனுக்கு டிக்கன்ஸ் புரியாமல் போவாரா?

தொடக்கத்தின் அருமை தமிழனுக்குப் புதியதுமன்று. திருக்குறள் 'அ' என்னும் எழுத்தில் தொடங்கி 'ன்' என்னும் எழுத்தில் முடிகிறது. மணிமேகலையும் கம்பராமாயணமும் பெரியபுராணமும் உலகத்தைச் சொல்லியே தொடங்குகின்றன. பாயிரம் இல்லாதது நூலே அன்று என்பது நம் இலக்கண மரபு. வாசலுக்கு இவ்வளவு மதிப்புத் தந்த மொழியைப் பேசும் நாம், பிறமொழி நூல்களின் வாசலை மட்டும் மிதிக்காமல் போகலாமா?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆங்கில எழுத்துத் தாங்கி எங்கள் வீட்டுக்கு வருபவை பேங்க் நோட்டீசும் மருந்துச் சீட்டும்தான். மிரட்டுவதற்கும் எச்சரிப்பதற்குமே ஆங்கிலம் என்று எண்ணி வளர்ந்தவர்கள் எங்களைப் போல் எத்தனையோ பேர். அந்த மொழி சிரிக்கும், கேலி பேசும், நம் பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே வம்பளக்கும் என்று எங்களுக்குக் காட்ட ஒரு நல்ல முதல் வரி போதும். சுருக்கம் மதிப்பெண் வாங்கித் தரும், அச்சத்தைப் போக்காது.

'எல்லாச் சொல்லும் புரியவில்லையே' எனலாம். இயற்பியல் சூத்திரம் மட்டும் முதல் பார்வையில் புரிந்துவிடுகிறதா? திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அந்தப் பொறுமையில் பாதி போதும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடம் தொடங்கும் நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மூலநூலின் முதல் பத்தியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். 'இது உங்கள் ஊரில் எதைப் போலிருக்கிறது?' என்று தமிழிலேயே கேளுங்கள். கடைசி பெஞ்சிலிருந்தும் பதில் வரும்.

நண்பர்களே! மேலே சொன்ன இரு நாவல்களும் இன்று கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கின்றன. நோட்ஸ் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குமுன் மூலநூலின் முதல் பக்கத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் உள்ளே போவதா, திரும்புவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.