கழட்ட முடிஞ்சா மாத்துங்க, இல்லன்னா விட்டுடுங்க

பப்ஜி, பிஜிஎம்ஐ ஆடின எல்லாருக்கும் பி1911 பிஸ்டலைத் தெரியும். கீழ இறங்கினதும் கையில மாட்டும், நல்ல துப்பாக்கி ஒண்ணு கிடைச்சதும் அதை மறந்துடுவோம். நடுவுல ஒரு ரெட் டாட்டோ சைலன்ஸரோ கிடைச்சா மாட்டிப் பார்ப்போம். பிடிக்கலையா? கழட்டிடலாம். பிஸ்டல் பழையபடியே இருக்கும்.

நிஜ பிஸ்டல்ல இது நடக்காது. நான் சொல்ல வர்றது அதைப் பத்திதான்.

கேம்ல வர்ற அந்த பிஸ்டலோட மூலம் எம்1911. ஜான் பிரௌனிங் வடிவமைச்சது. அமெரிக்க ராணுவம் 1911-ல இதை ஏத்துக்கிச்சு; 1985-ல பெரெட்டாவைத் தேர்ந்தெடுக்கற வரைக்கும் இதுதான் அவங்களோட முக்கியமான பிஸ்டல். கிடங்குல மிச்சம் இருந்த பழைய பிஸ்டல்களை 2018-லிருந்து அந்த நாட்டு மக்களுக்கே விக்கறாங்க. தாத்தா விட்டுட்டுப் போன பிஸ்டலை வெச்சிருக்கறவங்களும் அங்க உண்டு. அப்படி ஒண்ணு கைக்கு வந்ததும் அங்க எழற முதல் கேள்வி: இதை அப்படியே வெச்சுக்கறதா, நம்ம இஷ்டத்துக்கு மாத்தறதா?

நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கறதே குற்றம், அதனால நம்மள்ல யாருக்கும் இந்தப் பிரச்சினை வரப்போறதில்ல. ஆனா கேள்வி சுத்தமான மெக்கானிக்கல் கேள்வி. முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டிங் ஜாப் பண்ணின யாரும் இதுக்குப் பதில் சொல்லலாம். ஃபைல் போட்டு எடுத்த இரும்பு திரும்ப வராது. அவ்வளவுதான் என் கட்சி.

மாத்தணும்னு நினைக்கறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. பழைய 1911-ல குறி பார்க்கற சைட் ரொம்பச் சின்னது. சுடும்போது ஹேமர் பின்னால வந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதையைக் கடிக்கும். 1920-கள்ல வந்த ஏ1 மாடல்ல அந்த இடத்தை நீட்டினதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால "டிசைன்ல குறையே இல்ல, தொடாதீங்க"ன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா மாத்தறதுல ரெண்டு வகை இருக்கு. கைப்பிடித் தகடு பக்கத்துக்கு ரெண்டு ஸ்க்ரூவுலதான் நிக்குது. அதைக் கழட்டி வேற போடுங்க. ஸ்பிரிங் தளர்ந்து போச்சா, புதுசு போடுங்க. மேகஸினும் அப்படித்தான். இதெல்லாம் நாளைக்கே திருப்பிக்கலாம். ரெட் டாட் வைக்கறதுக்கு ஸ்லைடு மேல மில்லிங் பண்றது, நீளமான கிரிப் சேஃப்டி உட்கார ஃபிரேமை கிரைண்ட் பண்றது, பளபளப்புக்காக பாலிஷ் போட்டு மறுபடி ப்ளூயிங் பண்றது, இதெல்லாம் ஒருவழிப் பாதை.

இதுல பாலிஷ்தான் ரொம்ப அப்பாவி மாதிரி தெரியும். ஆனா செஞ்ச கம்பெனி பேரு, சோதிச்சவரோட முத்திரை எல்லாம் மேல்பரப்புலதான் இருக்கு. இரண்டாம் உலகப்போர் சமயத்துல டைப்ரைட்டர் செஞ்ச ரெமிங்டன் ராண்ட், ரயில்வே சிக்னல் செஞ்ச யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், ஏன், நம்ம வீட்டுத் தையல் மெஷின்ல பேரு பார்த்த சிங்கர் கூட இந்த பிஸ்டலைச் செஞ்சுது. சிங்கர் செஞ்சது வெறும் 500. ஒரு தையல் மெஷின் ஃபேக்டரி துப்பாக்கி செஞ்சதுக்கு சாட்சியே அந்த எழுத்துதான். பாலிஷ் வீல்ல அரை மணி நேரம் வெச்சா சாட்சி காலி.

மெட்டலர்ஜி பக்கமும் யோசிங்க. முதல் உலகப்போர் காலத்து ஸ்லைடுக்கு இன்னைக்குப் பண்ற மாதிரி ஹீட் ட்ரீட்மென்ட் கிடையாது. நூறு வருஷம் அடி வாங்கின அந்த இரும்புல இன்னும் கொஞ்சத்தைச் செதுக்கணுமா?

"ராணுவ ஆர்மரர்களே சுடும் போட்டிக்காக இந்த பிஸ்டலைப் பிரிச்சு இறுக்கி மாத்தினாங்களே"ன்னு கேட்பீங்க. உண்மைதான். ஆனா அன்னைக்கு அது கிடங்குல லட்சக்கணக்குல கிடந்த சாதா சரக்கு. இன்னைக்கு அந்தக் காலத்து பிஸ்டல் ஒண்ணு கூட புதுசா வரப்போறதில்ல. அதே டிசைன்ல, ரெட் டாட்டுக்கு இடம் வெட்டியே புது பிஸ்டல் பல கம்பெனிகள் விக்கறாங்க. வசதி வேணுமா, அதை வாங்கி ஆசை தீர மாத்துங்க. ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல.

ஒரே ஒரு விலக்கு உண்டு. முன்னாடி வெச்சிருந்தவர் ஏற்கனவே ஓட்டை போட்டு, பாலிஷ் போட்டு, முத்திரையை அழிச்சிட்டாருன்னா, அங்க காப்பாத்த மிச்சம் ஒண்ணுமில்ல. விரிசல் எதுவும் இல்லைன்னு தெரிஞ்ச கன்ஸ்மித் பார்த்துச் சொன்ன பிறகு, தாராளமா மாத்தலாம்.

துப்பாக்கி நம்ம கைக்கு வராது. ஆனா அப்பாவோட ஆர்எக்ஸ் 100, தாத்தாவோட எச்எம்டி வாட்ச், வேலைக்குச் சேர்ந்த இடத்துல ஓரமா நிக்கற பழைய லேத், இதுல ஏதாவது ஒண்ணு கண்டிப்பா வரும். கையில கிரைண்டரை எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்பேனரால முடியுமான்னு பாருங்க. கழட்டின பழைய பார்ட்டை ஒரு கவர்ல போட்டு, மேல பேரு எழுதி வெச்சிடுங்க. அடுத்து அது யார் கைக்குப் போகுதோ, அவங்களுக்கும் முடிவெடுக்க ஒரு வாய்ப்பு இருக்கட்டும்.