சோறு போடுமா என்று எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

கரடியூர்ப் பக்கம், காப்பி எஸ்டேட் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி. ப்ளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. வரலாறு படிக்கப்போறேன் என்று சொல்லியிருக்கிறாள். மேஸ்திரி சொன்னாராம்: ‘ஏங்கண்ணு, அசோகரு மரம் நட்டதப் படிச்சு நீ என்ன பண்ணப்போற? தையலு கத்துக்க.’ முப்பது வருசமாய்ப் பழம் பறிக்கிற அவள் அம்மா என்னிடம் கேட்டது: ‘தம்பி, இது சோறு போடுமாப்பா?’

இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரியும். அம்மாவின் கேள்வி பசியிலிருந்து வருகிறது. அதற்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். மேஸ்திரியின் கேள்வி, ‘உனக்கெதுக்கு இதெல்லாம்’ என்கிற பழைய கேள்வி. இதே ஏற்காட்டில் பெரும்பணம் கட்டிப் படிக்கிற விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்த பிள்ளை இலக்கியமோ தத்துவமோ படிக்கப் போனால் எவரும் சோற்றுக் கணக்குக் கேட்பதில்லை. ‘நல்ல ரசனை’ என்கிறார்கள்.

சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, 1953இல் முதலமைச்சராக இருந்து பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தது. 1954இல் பதவி போயிற்று. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டமென்று 18 பரம்பரைத் தொழில்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதையும் எதிர்த்தோம். ஆனால் லைன் வீட்டு வாசலிலும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும் அன்றாடம் நடக்கிற குலக்கல்வியை யார் எதிர்ப்பது? தையலும் வெல்டிங்கும் நர்சிங்கும் மானமுள்ள வேலைகள். விரும்பிப் போகிறவர் போகட்டும். கைவேலை உனக்கு, கருத்து வேலை எனக்கு என்று பிறப்பை வைத்துப் பாகம் பிரிக்கிறானே, அதைத்தான் கேட்கிறோம்.

அந்தப் பாகப் பிரிவினையில் நாம் இழந்தது மண். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று புத்தகத்தில் இருக்கிறது. குழி வெட்டியவர் பெயர் இல்லை. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. பழைய கெசட்டியரும் பெரியவர்கள் வாக்குமூலமும் சான்றாகும் என்று அதன் விதியே சொல்கிறது. மலையாளிப் பழங்குடிகளுக்காக அதைத் தேடி எடுத்து எழுத ஆள் வேண்டாமா? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும் 1892 அரசாணையும் தானே பஞ்சமி நிலத்துக்கு நம் கையிலுள்ள சாட்சி! அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பாபாசாகேப் 1912இல் வாங்கிய பி.ஏ. பொருளாதாரமும் அரசியலும். 1916இல் கொலம்பியாவில், மானுடவியல் கருத்தரங்கில்தான் சாதியை அறுத்துக் காட்டினார். அவரிடம் போய், ‘இது சோறு போடுமா’ என்று கேட்டிருந்தால் இன்று நாம் எங்கே இருப்போம்?

இப்போது அம்மாவுக்குப் பதில். நானும் வரலாறு படித்தவன்தான். வங்கியில் ரூபாய் எண்ணுகிறேன். அந்தத் தேர்வுக்கு ஒரு பட்டம் வேண்டும் என்றார்கள், எந்தப் பட்டம் என்று கேட்கவில்லை. கல்விக் கடன் வாங்கி பொறியியல் முடித்து, தவணை கட்ட வழியில்லாமல் என் கவுண்டர் முன்னால் தலைகுனிந்து நிற்கிற நம் பிள்ளைகளையும் பார்க்கிறேன். அரசு கலைக் கல்லூரியில் அந்த அளவுக்குச் செலவில்லை. பட்டம் மட்டும் சோறு போடாதும்மா. கூடவே போட்டித் தேர்வுக்குப் படிக்கணும், ஆங்கிலம் பழகணும். பொய் சொல்லி உங்கள் மகளைக் கூட்டிப்போக மாட்டேன்.

மேலே போனால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன். காவலாளி மகன். ஜே.என்.யூ.வில் எம்.ஃபில். வரலாறு வரைக்கும் போனவர். எம்.ஃபில்., பி.எச்டி. சேர்க்கையில் சமத்துவம் மறுக்கப்படுகிறது என்று எழுதினார். சில நாளில், 2017 மார்ச் 13இல், டெல்லியில் பிணமாகக் கிடந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஹைதராபாத்தில் ரோகித் வெமுலா. ‘பார்த்தியா, அதான் போகாதேன்னோம்’ என்கிறவர்கள் இருக்கிறார்கள். குளத்தில் தண்ணீர் மொண்டவனை அடித்தால், அடித்தவனைக் கேட்பதா, தாகத்தை விடச் சொல்வதா?

தோழர்களே, படி படி என்று மேடையில் முழங்குவது நமக்குச் சுலபம். விடுதியில் இடம், நேரத்துக்கு வருகிற உதவித்தொகை, கல்லூரிக்குள் அவமானப்படுத்துகிறவனைத் தட்டிக்கேட்க ஓர் ஆள் — இந்த மூன்றும் இல்லாமல் ஒரு பிள்ளையைத் தனியே அனுப்புவது துரோகம். அந்தப் பெண் விண்ணப்பம் போட்டுவிட்டாள். விடுதிக்கு மனு எழுத, சாதிச் சான்றுக்கு அலைய, முதல் நாள் கூடப் போக நம்மில் யார் மலையேறப்போவது?