முதலில் வரும் பதில் யாருடையது?

2025 பொதுத் தேர்தலில் நான் முதன்முறையாக வாக்களித்தேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் தாத்தா, “நம் வீடு இப்போது எந்தத் தொகுதியில் வருகிறது?” என்று கேட்டார். கைப்பேசியில் தட்டி, முதலில் வந்ததைப் படித்துச் சொன்னேன்.

“யார் சொன்னது?” என்றார்.

“கூகல்.”

“கூகலுக்கு யார் சொன்னது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் தேடுதளங்களில் வரும் அரசியல் விளம்பரங்களைப் பற்றி என்னைப் படிக்க வைத்தது.

நாம் ஒரு சொல்லைத் தேடும் நொடியில், அந்தச் சொல்லைக் குறிவைத்துள்ள விளம்பரதாரர்களிடையே ஓர் ஏலம் நடந்து முடிகிறது. யார் எவ்வளவு தருவார் என்பதோடு, விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா என்பதையும் கூகல் கணக்கிடும். வென்றவரின் விளம்பரம் மேலே வரும். காலணி வியாபாரி ‘ஓட்டக் காலணி’ என்ற சொல்லுக்கு ஏலம் கேட்பதில் தவறில்லை. ஆனால், ஓர் அரசியல் கட்சி தன் பெயருக்கு மட்டுமன்றி, போட்டிக் கட்சியின் பெயருக்கும் ஏலம் கேட்கலாம் என்பதுதான் சிக்கல்.

பிரிட்டனில் 2019 நவம்பர் 21ஆம் தேதி தொழிற்கட்சி தன் தேர்தல் அறிக்கையை வெளியிட்டது. அதையொட்டி, ‘தொழிற்கட்சியின் தேர்தல் அறிக்கை’ என்று பொருள்படும் முகவரியில் கன்சர்வேட்டிவ் கட்சி ஓர் இணையத்தளத்தைத் தொடங்கி, கூகலில் அதற்கு விளம்பரமும் செய்தது. அறிக்கையைப் படிக்க நினைத்து அங்கு சென்றவர்கள் கண்டது தொழிற்கட்சியைச் சாடும் வாசகங்களை.

அமெரிக்காவில் 2024ல் கமலா ஹாரிசின் பிரசாரக் குழு வேறொரு வழியைக் கையாண்டது. ‘தி கார்டியன்’ போன்ற ஊடகங்களின் செய்திகளுக்கு இணைப்புக் கொடுத்து, தலைப்பை மட்டும் தனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டது. விளம்பரம் என்ற குறிப்பு இருந்ததால், அது விதிமீறல் இல்லை என்றது கூகல்.

சமூக ஊடக விளம்பரம் நாம் கேட்காமலேயே வருவது. அதனால் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கிறோம். தேடலில் கேள்வி கேட்பது நாம். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையோடு படிக்கிறோம். கட்சிகள் விலை கொடுத்து வாங்குவது அந்த நம்பிக்கையைத்தான்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. பொஃப்மா சட்டத்தின்கீழ், இணைய அரசியல் விளம்பரங்களின் வெளிப்படைத்தன்மைக்கான விதிமுறைகள் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தன. அவற்றுக்கு உட்பட்ட விளம்பரங்களை இங்கு ஏற்பதில்லை என்று அதே ஆண்டில் கூகல் முடிவெடுத்தது. பிரிட்டனில் நடந்ததுபோல் இங்கு நடக்க வாய்ப்புக் குறைவு என்பதில் எனக்கு நிம்மதிதான்.

ஆனால், இதற்கு ஒரு விலையும் உண்டு. சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி, கூகலின் முடிவு குறித்து வருத்தம் தெரிவித்தது. கைக்காசு குறைவாக உள்ள கட்சிக்கு, தன்னைத் தேடி வருபவரிடம் நேரடியாகப் பேசும் வழி ஒன்று அடைபட்டது. கதவை மூடினால் கள்வனோடு விருந்தாளியும் வெளியேதான் நிற்பார்.

அதைவிட எனக்குக் கவலை தருவது நம் பழக்கம். விளம்பரம் இல்லை என்பதற்காக முதல் வரி உண்மையாகிவிடாது. திறமையாக எழுதப்பட்ட எந்தப் பக்கமும் மேலே வரலாம். வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ போகும்போது இந்தத் தடை நம்மோடு வரப்போவதும் இல்லை.

இப்போது நான் முதல் வரியைப் படிக்கும் முன் அது யாருடைய தளம் என்று பார்க்கிறேன். கட்சியின் கொள்கையைத் தெரிந்துகொள்ள அக்கட்சியின் பக்கத்துக்கும், தொகுதி விவரத்துக்குத் தேர்தல் துறையின் பக்கத்துக்கும் நேரே செல்கிறேன். கூடுதலாக அரை நிமிடம் ஆகிறது. ஆனால், “யார் சொன்னது?” என்று தாத்தா கேட்டால் இப்போது பதில் சொல்ல முடிகிறது.