மொய் நோட்டும் எச்-இன்டெக்ஸும்

ஜூன் மாதம் பிறந்தால் போதும், சேத்தியாத்தோப்பு கடைத்தெருவில் பொறியியல் கல்லூரிகளின் பிளக்ஸ் முளைத்துவிடும். கட்டடம், பஸ், வேலைவாய்ப்பு என்று வழக்கமான ஐட்டங்களோடு இப்போது புதிதாக ஒன்று: "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்கள்!" பிள்ளையைக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிப் போகிற அப்பா அண்ணாந்து பார்க்கிறார். நாலு வருஷமும், விற்கப் போகிற ஒரு காணி நிலமும் அந்த எண்ணை நம்பித்தான். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

சரி, சொல்லிவிடுவோம். ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் சுட்டிக் காட்டினால் அது ஒரு மேற்கோள். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதை வைத்து எச்-இன்டெக்ஸ் என்று ஒரு அளவுகோல் கொடுத்தார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள் வாங்கியிருந்தால் எச்-இன்டெக்ஸ் 10. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து நண்பர்கள் ஆளுக்கு இரண்டு கட்டுரை எழுதி, ஒவ்வொன்றிலும் அந்தப் பத்தையும் சுட்டினால் என்ன ஆகும்? அதே 10 வந்துவிடும், வெளியாள் ஒருத்தர்கூடப் படிக்காமலே! நம்ம ஊர் கல்யாணத்தில் மொய் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மொய் நோட்டிலாவது யார் யாருக்கு எழுதினார்கள் என்று பெயர், ஊரோடு இருக்கும்.

இது கற்பனைக் கவலை இல்லை. 2019 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு சுமார் ஒரு லட்சம் விஞ்ஞானிகளின் மேற்கோள் கணக்கைப் பிளாஸ் பயாலஜி இதழில் வெளியிட்டது. தானோ தன் கூட்டு ஆசிரியர்களோ கொடுத்த மேற்கோள் எத்தனை சதவீதம் என்பதும் அதில் இருந்தது. இடைநிலை அளவு 12.7 சதவீதம். பாதிக்கு மேல் இப்படி வாங்கியவர்கள் குறைந்தது 250 பேர். அதில் நேச்சர் இதழ் எடுத்துச் சொன்ன முதல் உதாரணமே தமிழ்நாடுதான்: சென்னை வேல் டெக் நிறுவனத்தின் சுந்தரபாண்டியன் வைத்தியநாதன், 94 சதவீதம். ஆராய்ச்சி ஒரு தொடர்ச்சி, முந்தைய வேலையைச் சுட்டாமல் அடுத்ததைச் செய்ய முடியாது, யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லை என்று அவர் முன்பே விளக்கம் சொல்லியிருந்தார். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். கேள்வி அவரிடம் இல்லை. உற்பத்தியும் மேற்கோளும் அதிகம் என்று 2017இல் அவருக்கு 20,000 ரூபாய் பரிசு கொடுத்த மத்திய அரசிடம்தான் கேள்வி. அந்த மேற்கோள்கள் யாரிடமிருந்து வந்தன என்று பார்த்தார்களா?

இதில் பெரிய கூத்து என்னவென்றால், பிளக்ஸில் போடுகிற 2 சதவீதப் பட்டியலும் இதே அயோனிடிஸ் குழுவின் பட்டியல்தான். சுயமேற்கோளைக் கழித்தால் என்ன இடம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பத்தி மட்டும் பிளக்ஸுக்கு வருவதில்லை!

பி.காம் படிக்கிற எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். ஒரு கம்பெனி தன் துணை நிறுவனத்துக்கே சரக்கு விற்றுவிட்டு, குழுமத்தின் விற்பனை கூடிவிட்டது என்று காட்ட முடியாது. ஒருங்கிணைந்த கணக்கு போடும்போது குழுமத்துக்குள் நடந்த விற்பனையைக் கழித்துவிட வேண்டும். வேண்டியவர்களோடு நடந்த பரிவர்த்தனையைத் தனியாக வெளிப்படுத்தவும் வேண்டும். சிமெண்ட் மூட்டைக்கு இருக்கிற இந்தக் கண்டிப்பு, அறிவுக்கு இல்லாமல் போனது ஏன்?

எண்ணை இலக்காக்கினால் எல்லோரும் எண்ணைத்தான் தயாரிப்பார்கள். 2010இல் யு.ஜி.சி. ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று விதி போட்டது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கிற இதழ்கள் கொழுத்தன. கடைசியில் 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை அதே யு.ஜி.சி. தூக்க வேண்டியதாயிற்று.

இதனால் சேத்தியாத்தோப்புக்கு என்ன நஷ்டம்? பக்கத்திலிருக்கும் நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துகிறது. ராப்பகலாகப் பம்ப் வைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் அங்கே சுரங்கமே வெட்ட முடியாது. அந்த வித்தையைச் செய்து காட்டியவர்களும் பொறியாளர்கள்தான். அன்றைக்கு எச்-இன்டெக்ஸ் என்ற சொல்லே பிறக்கவில்லை. இன்றைக்கும் இங்கே கேள்விகள் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெல்லில் இயந்திரத்தை இறக்கினார்களே, மறந்துவிட்டதா? நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கும், எந்தக் கிணறு வற்றும், வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராவது பத்து வருஷம் உட்கார்ந்து அளக்க வேண்டும். அதைச் செய்கிறவர் கட்டுரையைப் படிக்கப் போவது நீர்வளத் துறையும் ஒரு விவசாயச் சங்கமும் ஒருவேளை ஒரு நீதிபதியும். உலக மேற்கோள் கணக்கில் அவர் கிட்டத்தட்ட பூஜ்யம். புத்தியுள்ள இளம் ஆராய்ச்சியாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

"எண் இல்லாவிட்டால் சிபாரிசும் சாதியும்தான் ஆளும்" என்பார்கள். நியாயமான பயம்தான். எண்ணைத் தூக்கி எறிய வேண்டாம், தணிக்கை செய்யுங்கள். விண்ணப்பத்தில் சுயமேற்கோளையும் கூட்டாளி மேற்கோளையும் தனிப் பத்தியில் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கட்டுரை என்று கேட்காமல், சிறந்த ஐந்தை மட்டும் வாங்கித் தேர்வுக் குழு உட்கார்ந்து படிக்கட்டும். ஆராய்ச்சியின் மதிப்பை இதழின் பெயராலும் எண்ணாலும் மட்டும் எடை போடாதீர்கள் என்று 2012லேயே சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்லிவிட்டது. 2025 என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் அது பிடிபட்ட கட்டுரைக்கு மட்டும்தான். மொய்க்கும் முழுக் கணக்கு வர வேண்டும்.

அதுவரை பிளக்ஸைப் பார்க்கிற அப்பாக்கள் கல்லூரியில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "சார், இதுல சொந்தக்காரங்க எழுதுன மொய் போக மிச்சம் எவ்வளவு?"