ஒருவர்க்குரியது ஒருவர்க்கே

இணையச் செயலியொன்றிற் கடவுச்சொல் தந்து புகுந்தாரை, அவர் வெளியேறுங்காறும் இன்னாரென நினைவிற் கொண்டிருப்பது அமர்வுப்பொருள். ஜாவாவில் ஒரே சர்வ்லெட் பலர்க்கும் ஒருங்கே பணிசெய்யும். பயனர் பெயரை அதனுள்ளேயே எழுதிவைப்பின், பின்வந்தார் பெயர் முன்வந்தார் பெயரை அழிக்கும். ஒருவர் கணக்கை மற்றொருவர் காண நேரும். தனியொருவர் சோதிக்குங்கால் இப்பிழை தோன்றாமையே பெருந்தீங்கு.

2009-இல் ஜாவா இ.இ. 6-உடன் வந்த சி.டி.ஐ. முறையிலோ, செயலியைத் தாங்கும் கொள்கலன் அமர்வுப்பொருளுக்கு ஈடாக ஒரு பதிலியைச் சர்வ்லெட்டினுட் செலுத்தும். அப்பதிலி அழைப்புத்தோறும் அழைத்தார்க்குரிய பொருளையே தேடிச் சேரும். இதனை வீண் சுற்றுவழி என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதோம். எழுதுவோர் மறவாமையை மட்டும் நம்பிப் பிறருடைய மறைபொருளை ஒப்படைத்தல் தகாது. சுற்றுவழியாயினும் காவலுள்ள வழியே செல்லுக என்பது எம் துணிபு.