குத்தம் கதவுல இல்ல

சம்பா அறுப்பு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. இந்த வாரம் ஒரு கார் கதவு பத்திச் சொல்லணும். விவசாயிக்கு கார் கதவுல என்ன வேலைன்னு கேப்பீங்க. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு.

எங்க பெரியப்பாகிட்ட ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கு. 1964 மாடல், ரெண்டு கதவு. நெரவியில எங்க வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்துக் கொட்டகையில நிக்குது. உங்கள்ல அம்பது வயசு தாண்டினவங்களுக்கு இந்த வண்டி ஞாபகம் இருக்கும். முன்பக்க பானெட் மொத்தமும் முதலை வாயைத் திறந்த மாதிரி முன்னால சாயும். சென்னைக்கு வெளியே பெருங்களத்தூர்ல இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லேர்ந்து செஞ்சது. இங்கிலாந்துல 1959-ல வந்த ட்ரையம்ப் ஹெரால்டோட நம்ம ஊர்ப் பதிப்பு. உருவம் வரைஞ்சவர் மிக்கெலாட்டின்னு ஒரு இத்தாலிக்காரர்.

இந்தக் காருக்கு ஒரு தனிக் கதை உண்டு. அந்த இங்கிலாந்துக் கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த ஆலையை ஒரு போட்டிக் கம்பெனி வாங்கிருச்சு. முழு பாடியை ஒரே கூடா அடிச்சுத் தர ஆள் இல்லை. அதனால துண்டு துண்டா செஞ்சு, தனி சேஸ் மேல வச்சு, போல்ட்டு போட்டு முடுக்கினாங்க. முன்பாதி தனி, பின்பாதி தனி, கூரையும் தனி. ஸ்பேனர் இருந்தா கூரையைக் கழட்டிறலாம்.

அதைத்தான் எங்க வீட்டுலயும் செஞ்சாங்க. 1994-ல பெரியப்பா மகன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேணும். வாடகைக்கு எடுக்கக் கும்பகோணம் வரைக்கும் தேடினாங்க, கிடைக்கல. நம்ம பக்கத்துல திறந்த கார்னா அது மாப்பிள்ளை அழைப்புக்குத்தான், ஊர் சுத்தறதுக்கு இல்ல. பெரியப்பா கூரையைக் கழட்டச் சொல்லிட்டார். நாதஸ்வரம், பெட்ரோமாக்ஸ், அண்ணன் மாலையோட. நான் பின்னாடி நின்னுக்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம் அந்தக் கூரை திரும்ப ஏறவே இல்ல.

அண்ணன் இப்ப பாரிஸ்ல. காரைக்கால்காரங்களுக்கு அது புதுசு இல்ல. அவரோட பொண்ணுக்கு வர்ற வைகாசியில இங்கதான் கல்யாணம். அந்தப் பொண்ணு போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது: "சித்தப்பா, அப்பா போன கார்லதான் நாங்களும் போவோம். பக்கத்துல தாத்தா உக்காரணும்." தாத்தாவுக்கு எண்பத்தஞ்சு. பொறுப்பு என் தலையில.

எஞ்சின் கிளம்பிருச்சு. தகராறு கதவுலதான். டிரைவர் பக்கக் கதவு சாத்தாது. பின்னோரம் தொங்கி, லாக்குக்குக் கீழ போய் இடிக்கும். அந்த முக்கோணக் கண்ணாடி இருக்கு பாருங்க, அம்பாசடர்லயும் ஃபியட்லயும் உங்க அப்பா திருப்பி வச்சு முகத்துக்குக் காத்து வாங்கினது, அது முன்கண்ணாடித் தூண்ல இருக்கிற ரப்பரைத் தொடவே இல்ல. மேல ஒரு விரல் இடைவெளி.

முதல்ல ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். பேரு வேணாம். இடிக்கிற இடத்தை கிரைண்டர்ல தேய்ச்சாங்க, பட்டி போட்டாங்க, பெயிண்ட் அடிச்சாங்க. முப்பத்தஞ்சாயிரம். மணமேடை மாதிரி ஜொலிச்சுது. "புது பீடிங்குங்க, ஓங்கிச் சாத்துங்க, பழகிரும்"ன்னாங்க. ஓங்கிச் சாத்தினோம். மூணே மாசத்துல பட்டி வெடிச்சுது. முக்கோணக் கண்ணாடி இன்னும் கொஞ்சம் விலகுச்சு.

அப்புறம்தான் காரைக்கால்ல ஒரு பழைய டிங்கர் பாயைப் பத்தித் தெரிஞ்சுது. எழுபது வயசு. கடைக்குப் போர்டு கூடக் கிடையாது. வந்தார். கதவைத் தொடவே இல்ல. வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தார். ஒரு பலாக்கட்டையை நடுப்பக்கத்துல வச்சு, ஜாக்கியைக் குடுத்து, "தம்பி, கதவு இடுக்கையே பாத்துக்கிட்டு இருங்க"ன்னார். அவர் ஏத்த ஏத்த, மேல ஒட்டிக்கிட்டு இருந்த இடுக்கு மெல்ல விரிஞ்சுது. தொங்கின கதவு தானா நேராச்சு.

"குத்தம் கதவுல இல்ல தம்பி. அடியில இருக்கு."

விஷயம் இதுதான். கூரை இல்லாத வண்டிக்கு மேல பிடிப்பு கிடையாது. எல்லா பலமும் அடியில. சேஸ்லேர்ந்து ரெண்டு பக்கமும் கை மாதிரி இரும்பு நீளும், அதுமேலதான் பாடி உக்காந்திருக்கு. எங்க ஊரு கடல் காத்து, உப்பு. அந்தக் கைகளை அரிச்சுருச்சு. பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல இருந்த பேக்கிங் தகடுகளும் மட்கிப்போச்சு. நடுவுல தொய்வு விழுந்தா, கதவு நிக்கிற சட்டம் மேல சுருங்கும், கீழ விரியும். கதவு பழைய அளவுலதான் இருக்கு, அது நிக்கிற வாசல்தான் மாறிப்போச்சு. வாசலை விட்டுட்டு நாம கதவைத் தேய்ச்சிருக்கோம்.

பாய் ஆறு நாள் வேலை பாத்தார். நான் அறுவடை மெஷினுக்குக் காத்திருந்த நேரத்துல எல்லாம் போய் உக்காந்து பாத்தேன். வரிசைதான் முக்கியம்ங்கிறார். மொதல்ல கதவு இடுக்கோட முன் தூணையும் பின் தூணையும் சேத்து ஒரு இரும்புக் குழாயை வச்சு வெல்டு பண்ணினார், அரிச்ச இரும்பை வெட்டும்போது பாடி இன்னும் உக்காந்துறக் கூடாதுன்னு. புதுக் கை வச்சார். வண்டியை சக்கரத்துல இறக்கி, சீட்டை எல்லாம் உள்ள வச்சார். ஜாக்கியில நிக்கும்போது சரி பண்ணினது, தரையில இறங்கினதும் மாறிப்போகும். அப்புறம் தகடு. ஒண்ணு வைப்பார், முடுக்குவார், இடுக்கைப் பாப்பார், கழட்டுவார். அதுலயே ரெண்டு நாள் போச்சு.

அதுக்கப்புறம்தான் கதவு. லாக் மாட்டுற கொண்டியைத் தூண்லேர்ந்து கழட்டிட்டுத்தான் கதவை மாட்டினார். கொண்டி இருந்தா அது கதவைத் தூக்கிப் பிடிச்சு நம்மளை ஏமாத்தும். கீல் போல்ட்டைத் தளர்த்தி, கதவோட பின்னோரத்தைப் பின்பக்கத் தகட்டோட சமமாக்கி, இடுக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒண்ணா வந்தப்புறம் முடுக்கினார். கொண்டியைக் கடைசியில மாட்டினார். ரப்பர் பீடிங் அதுக்கும் அப்புறம். புது பீடிங் தடிமனா இருக்கும், அதை முதல்ல ஒட்டிட்டா கதவை வெளிய தள்ளும், நிஜ இடுக்கு தெரியாது.

முக்கோணக் கண்ணாடிக்கு ஒரு நாள். அதுக்குப் பின்னால ஒரு செங்குத்துச் சட்டம் இருக்கு. பெரிய கண்ணாடி ஏறி இறங்கற பள்ளமும் அதேதான். முக்கோணத்தை முன்னால சாய்ச்சு ரப்பரோட ஒட்டவச்சா, பெரிய கண்ணாடி பாதியில மாட்டிக்கும். அதனால கதவுக்குள்ள கையை விட்டு, சட்டத்தோட அடி போல்ட்டைத் தளர்த்தி, அடியை ஒரு நூல் நகத்தினார். மேல் முனை எதிர்ப்பக்கம் சாஞ்சுது. ஒரு பத்து ரூபா நோட்டைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல வச்சு மூடினார். இழுத்தா இறுக்கமா வரணும், கிழியவும் கூடாது. அஞ்சு இடத்துல இழுத்துப் பாத்தார்.

முடிஞ்சுது. கூலி பன்னெண்டாயிரம்னார். உங்ககிட்ட மறைக்க வேணாம், நான் பேரம் பேசினேன். "ரெண்டு கை, நாலு தகடு. பன்னெண்டா பாய்?"ன்னு கேட்டுட்டேன். அவர் கையைக் கழுவிக்கிட்டே, "பெயிண்ட் அடிச்சவங்களுக்கு என்ன குடுத்தீங்க?"ன்னார். சொன்னேன். அதுக்கு மேல அவர் ஒண்ணும் பேசல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஏன்னா இதே தப்பை நான் வயல்லயும் செஞ்சவன். நெரவி டெல்டாவோட வால். ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா எங்களுக்குக் கடைசியாத்தான் தண்ணி வரும். ஐப்பசி, கார்த்திகையில பேஞ்சா மேல இருக்கிற தண்ணியெல்லாம் எங்க வழியாத்தான் கடலுக்குப் போகணும். ரெண்டு வருஷம் முன்னாடி விதைக்கும் மருந்துக்கும் கணக்குப் பாக்காம செலவு பண்ணினேன். கடைசி வடிகாலைத் தூர் வார ஆளுக்கு ரெண்டாயிரம்னு அஞ்சு பங்குதாரர் பேசினோம். "அவன் போடட்டும், இவன் போடட்டும்"னு விட்டுட்டோம். ஒம்போது நாள் தண்ணி நின்னுச்சு. பயிர் அழுகினப்புறம் மருந்துக் கடைக்காரரைத் திட்டினேன். அங்கயும் குத்தம் பயிர்ல இல்ல.

கண்ணுக்குத் தெரியற வேலைக்குக் காசு குடுக்கறோம், அடியில மறைஞ்சு கிடக்கிற வேலைக்குப் பேரம் பேசறோம். இதைத்தான் நான் சொல்ல வந்தது. அந்தப் பேரத்துலதான் இந்த மாதிரிக் கைகள் காணாமப் போவுது. பாயோட மகன் துபாய்ல ஷோரூம்ல இருக்கார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. இப்ப வர்ற காருங்க பாடியை ஆலையிலயே மெஷின் ஒரே கூடா வெல்டு பண்ணி அனுப்புது. தகடு வச்சு இடுக்கு பாக்கற வேலையே அதுல இல்ல.

பழைய வண்டி எதுக்கு, புகை, பெல்ட் கிடையாது, இரும்புக்குப் போடலாமேன்னு சிலர் கேப்பீங்க. தினம் ஓட்டறதுக்குன்னா நானும் ஒத்துக்குவேன். 2021-ல மத்திய அரசும் ஒரு விதி கொண்டு வந்துச்சு. அம்பது வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியலாம், இருபதாயிரம் ரூபா, பத்து வருஷத்துக்கு, நம்பர்ல விஏ-ன்னு வரும், ஆனா அன்றாடம் ஓட்டக் கூடாது. சரிதான். ஆனா அந்த விதி காப்பாத்தறது வண்டியை மட்டும்தான். அதோட கதவை நேரா மாட்டத் தெரிஞ்ச ஆளுக்கு எந்தப் பதிவும் கிடையாது. அவரைக் காப்பாத்தறது வண்டி வச்சிருக்கிறவங்க குடுக்கிற கூலிதான்.

சென்னையிலயும் கோவையிலயும் பழைய கார், பழைய வீடு வச்சுப் புதுப்பிக்கிறவங்க நிறைய பேர் இதைப் படிக்கிறீங்க. ஒரு வேண்டுகோள். கதவு சாத்தலைன்னா, பெயிண்ட் எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி "கீழ பாத்தீங்களா?"ன்னு கேளுங்க. கீழ படுத்துப் பாக்கிறவர் கிடைச்சா அவர்கிட்ட பேரம் பேசாதீங்க. முடிஞ்சா கூட ஒரு சின்னப் பையனை வேலை கத்துக்க நிறுத்துங்க, அவன் கூலியையும் நீங்களே குடுங்க.

மறுநாள் காலையில பாய் வீட்டுக்குப் போய்ப் பன்னெண்டாயிரத்தையும் குடுத்துட்டு வந்தேன். சாயந்திரம் பெரியப்பாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து கார்ல உக்கார வச்சோம். ரெண்டே விரலால கதவை இழுத்தார். 'டக்'குன்னு ஒரு சத்தம். திரும்பத் திறந்தார், திரும்பச் சாத்தினார். முக்கோணக் கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, காத்துக்கு முகத்தைக் காட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தார். வண்டி நின்ன இடத்துலதான் நின்னுச்சு. கொட்டகைக்குள்ள காத்து எங்கேர்ந்து வரும்? நான் ஒண்ணும் சொல்லல.

சித்திரையில வடிகால் தூர் வார்றோம். என் பங்கு ரெண்டாயிரத்தை இந்தத் தடவை முதல் ஆளா குடுத்துட்டேன்.